சின்னவளை மடத்துக் கல்லூரியில் சேர்த்தது

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. ஐந்து முடித்த பெண்பிள்ளை வீட்டிலிருந்து தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளும். கொஞ்சம் வளர்ந்ததும் கூடை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போகும். யாரும் அதைத் தப்பென்று சொன்னதில்லை. என் மனைவியும் அப்படித்தான் போனவள்.

என் மகள் ஐந்து முடித்தபோது மாஸ்டர் என்னைத் தேடி ஸ்டோருக்கு வந்தார். தேயிலை ஆலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். கொழுந்தை உருட்டும் ரோலரில் எனக்கு வேலை. சத்தத்தில் பேச முடியாது என்று வெளியே கூப்பிட்டார்.

"இந்தப் புள்ளய மலைக்கு அனுப்பிராதீங்க. அது படிக்கும்."

"எங்க அனுப்புறதுங்க?"

"ரெண்டு எடம் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

ஒன்று ஹட்டனில் இருந்த அரசாங்கக் கல்லூரி. தங்குவதற்கு விடுதி கிடையாது. என் மனைவியின் அண்ணன் ஹட்டன் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அவர் வீட்டில் தங்கிப் படிக்கலாம். ஒரே அறை. அவருக்கு ஐந்து பிள்ளைகள்.

மற்றது கன்னியர் மடத்துக் கல்லூரி. ஹட்டனுக்கு மேலே இன்னும் தூரம், ரயிலில் போக வேண்டும். மடத்திலேயே தங்கலாம். வேதக்காரத் தோட்டப் பிள்ளைகள் சிலருக்கு அங்கே இலவசமாக இடம் கொடுத்தார்கள்.

நாங்கள் வேதக்காரர். கத்தோலிக்கரை அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் தோட்டத்தில் ஆறு குடும்பம்தான். மற்றவர்கள் எல்லாம் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். சண்டை ஒன்றும் கிடையாது. அவர்கள் திருவிழாவுக்கு நாங்கள் சந்தா கொடுப்போம், எங்கள் நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, அவர்கள் வந்து பலகாரம் சாப்பிடுவார்கள். ஆனாலும் ஆறு குடும்பம் ஆறு குடும்பம்தான். சாமியார் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து பூசை வைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதென்றால் ஒன்பது மைல் நடக்க வேண்டும்.

மடத்தைப் பார்க்க நான் ஒரு நாள் தனியாகப் போனேன். வாசலில் நின்றேன். மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாகக் கோயிலுக்குப் போனார்கள். ஆபீஸ் கிளாக்கர் மகளும் தோட்டப் பிள்ளையும் ஒரே வரிசையில் போனார்கள். எது யார் பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை. முக்காடு எல்லாம் ஒரே வெள்ளை. உள்ளே பாட ஆரம்பித்தார்கள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு கூட்டத்துக்குள் என் பிள்ளை இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்களுக்கு இந்த நாட்டில் பிரஜாவுரிமை இல்லை என்று சட்டம் போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. ஏதாவது ஒரு இடத்தில் என் பிள்ளை உள்ளே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளுக்கும் மடம்தான் பிடித்திருந்தது.

"தெனம் பூச காணுமா புள்ள?"

"தெனமும் காணும்."

"அப்ப அதுவே."

மடத்து மதர் ஒன்றுதான் கேட்டார். ஞானஸ்நானச் சீட்டு வேண்டும். பங்குச் சாமியாரிடம் வாங்கி வா என்றார்.

அந்தச் சீட்டில்தான் எல்லாம் வந்தது. அதைச் சொல்வதற்கு முன் அவள் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும்.

சுதந்திரம் கிடைத்த வருஷம் பிறந்தவள். இரட்டைப் பிள்ளை. ஏழாம் மாதமே வந்துவிட்டன. ஆனி மாதம், எங்கள் வட்டவளைப் பக்கத்து மழை. கல்வெட்டுப் பாலம் உடைந்து ரோடு இல்லை. டொக்டர் ஐயா வர முடியவில்லை. பகல் பன்னிரண்டு மணி இருக்கும். ஒற்றை அறைகள் வரிசையாக உள்ள எங்கள் லயத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். பக்கத்துக் காம்பராவில் பிள்ளைப்பேறு பார்க்கிற ஒரு கிழவி மட்டும் இருந்தாள். மனைவிக்கு இரத்தம் நிற்கவில்லை. நினைவு இல்லை.

முதலில் வந்தது ஒரு கையளவுதான். நீலமாக இருந்தது. அழவில்லை. இரண்டாவது முனகியது.

"ரெண்டும் தங்காது போல, தம்பி," என்றாள் கிழவி.

சாகப்போகிற குழந்தைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று எங்களுக்குச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்ல வேண்டிய வார்த்தையும் எனக்கு மனப்பாடம். தண்ணீர் எடுக்க, மலை ஊற்றுப் பீலியில் பிடித்துவைத்த குடத்தண்டை போனேன். கிழவி கத்தினாள்.

"பச்சத் தண்ணிய ஊத்தாதய்யா! ஐஸ் மாதிரி இருக்கு. இப்பவே போயிரும்."

அடுப்பில் கேத்தல் இருந்தது. காலையில் தேயிலை போட்ட தேத்தண்ணி. இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றியது. வெதுவெதுப்பாக இருந்தது. எடுத்து முதல் குழந்தையின் தலையில் ஊற்றினேன். வார்த்தையைச் சொன்னேன். பிறகு மற்றதற்கு ஊற்றினேன். அதற்கும் சொன்னேன்.

மாலைக் கொழுந்து நிறுக்கிற நேரம் முதல் குழந்தை போய்விட்டது. இரண்டாவது கிடந்தது. கிடந்து பிழைத்தது.

மறுநாள் உபதேசியார் வந்தார். சாமியார் இல்லாத நாளில் செபம் சொல்லிக் கொடுப்பவர் அவர்தான்.

"ஞானஸ்நானம் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சுங்க."

"அப்ப அது சம்மனசு, தேவதூதன். நேரா மோட்சம். அழக் கூடாது."

மயானத்தில் வேதக்காரருக்கென்று மந்திரித்த ஒரு மூலை உண்டு. வெள்ளைத் துணி சுற்றி, பூமுடி வைத்து, அங்கே அடக்கினோம். மனைவிக்கு ஐந்தாம் நாள்தான் நினைவு நன்றாகத் திரும்பியது. பிள்ளை செத்தது தெரிந்ததும் அவள் முதலில் கேட்டதும் அதைத்தான். ஞானஸ்நானம் கொடுத்தாயா? கொடுத்தேன் என்றேன். படுத்துக்கொண்டாள்.

அப்போதிருந்து செத்த பிள்ளையைப் பெரியவள் என்றும், இருக்கிறவளைச் சின்னவள் என்றும்தான் சொல்லுவாள். சின்னவளுக்குக் காய்ச்சல் என்றால், "பெரியவகிட்டச் சொல்லியிருக்கேன், பாத்துக்குவா," என்பாள். அடுத்த பிள்ளை எங்களுக்குப் பிறக்கவில்லை. பெரியவள் மோட்சத்தில் இருக்கிறாள் என்பது அவளுக்கு, எங்கள் காம்பரா எட்டாம் நம்பர் என்பது போல.

அந்தப் பழைய சாமியார் நோயாளி. சீக்கிரம் ஊருக்குப் போய்விட்டார். கோயில் புத்தகத்தில் யாரும் எழுதவில்லை. உபதேசியார் வாய்ச்சொல்லை நம்பிச் சின்னவளுக்கு எட்டு வயதில் நன்மையும், அதாவது பூசையில் முதல் அப்பமும், கொடுத்துவிட்டார்கள். பிறகு உபதேசியாரும் இந்தியாவுக்குப் போய்விட்டார். கிழவியும் செத்துவிட்டாள்.

சீட்டுக் கேட்டு நான் போனபோது இருந்தவர் புதுச் சாமியார். சின்ன வயது. யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷன். புத்தகத்தில் தேடினார். இல்லை.

"பரவாயில்லை. நீங்கள் சாட்சி சொன்னால் எழுதலாம். ஆர் ஊத்தினது?"

"நான்தான், சாமி."

"என்ன சொல்லி ஊத்தினீங்கள்?"

சொல்லிக் காட்டினேன்.

"சரியாத்தான் சொல்லியிருக்கிறீங்கள். தண்ணி தலையில பட்டு ஓடினதோ?"

"ஓடுச்சுங்க."

"பீலித் தண்ணியோ?"

"இல்ல, சாமி. கேத்தல்ல இருந்த தேத்தண்ணி. வெதுவெதுன்னு இருந்திச்சு."

பேனாவைக் கீழே வைத்தார்.

"பால் போட்டதோ?"

"இல்லைங்க. வெறும் சாயம்."

"கடும் சாயமோ?"

"வெளிறின சாயம். ரெண்டாந்தரம் தண்ணி ஊத்தினது."

எழுந்து போய் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்தார். நின்றுகொண்டே படித்தார். நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏதோ தப்பாகிவிட்டது என்று அப்போதுதான் பட்டது. அதுவரை எனக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர் என்றால் பாதி நாள் அதுதான்.

"தண்ணியாத்தான் இருக்கவேணும்," என்றார். "கடும் சாயமெண்டால் செல்லாது எண்டு சொல்லிப்போடலாம். வெளிறின சாயமெண்டால் சந்தேகம். சந்தேகமெண்டால் திருப்பிச் செய்யவேணும். 'முந்திப் பெறாமல் இருந்தால்' எண்டு ஒரு சொல்லுச் சேர்த்துச் செய்வம். ரெண்டுதரம் செய்த பாவம் வராது. செய்துபோட்டுச் சீட்டுத் தாறன்."

"கூடப் பொறந்தது ஒண்ணு செத்துப்போச்சுங்க, சாமி. அதுக்கும் அதே கேத்தல்தான்."

அவர் புத்தகத்தை மூடினார்.

"ஆண்டவர் இரக்கமுள்ளவர்," என்றார்.

"சரிங்க, சாமி," என்று வந்துவிட்டேன்.

மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. மூன்று நாள் சொல்லவில்லை. ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ரோலரில் என்னோடு வேலை செய்தவனிடம் சொன்னேன். அவன் முனியாண்டியைக் கும்பிடுகிறவன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏன் மச்சான், ஒங்க சாமிக்குத் தேத்தண்ணி புடிக்காதா? எங்க முனியாண்டிக்குச் சாராயம் வச்சாலும் சரி, சோடா வச்சாலும் சரி. ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"சும்மா இருடா."

"சீனி போட்டியா, இல்லயா? அதத்தான் கேட்டிருப்பாரு சாமியாரு."

நானும் சிரித்துவிட்டேன். அவன் கெட்டவன் இல்லை. வீட்டில் பெண்சாதியிடம் சொல்லியிருக்கிறான். ஸ்டோரில் சொன்னது மலைக்கு ஏற ஒரு ராத்திரி போதும். மறுநாள் கொழுந்து எடுக்கிற நிரையில் அவள் என் மனைவியிடம் கேட்டிருக்கிறாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் கேட்டிருப்பாள்.

சாயங்காலம் நான் வாசல் திண்ணை இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். மனைவி கூடையை இறக்கிவைத்தாள். ஈரக் கம்பளியைக் கழற்றவில்லை.

"தேத்தண்ணியா?"

"ஆமா."

"ஏங்க எங்கிட்டச் சொல்லல?"

"அப்ப தப்புன்னு தெரியாது."

"இப்ப தெரியுமே. எனக்கு மலையில தெரிய வேண்டியிருக்கு."

நான் கூடையை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"பெரியவளுக்கும் அதேதானே?"

"அதேதான்."

உள்ளே போய் அடுப்பு மூட்டினாள். ரொட்டி சுட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே ஒன்பது மைலும் நடந்தாள். நானும் போனேன். பூசை முடிந்து சாமியார் வெளியே வந்ததும் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, எங்க பெரியவ எங்க இருக்கா?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். விளங்கியது.

"ஆண்டவர் கையில இருக்கிறா, அம்மா. அப்பிடி நம்புவம்."

"நம்பச் சொல்றீங்களா, தெரிஞ்சு சொல்றீங்களா?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"நம்பச் சொல்லுறன்."

"அப்பச் சின்னவளையும் நம்பிக்கையிலயே விட்டுருங்க. சீட்ட எழுதிக் குடுங்க."

"நம்பிக்கையில சீட்டு எழுதேலாது, அம்மா."

திரும்பி நாலு மைல் நடந்தோம். பிறகு நின்று சொன்னாள்.

"ஹட்டனுக்கே அனுப்புங்க. அண்ணன் வீட்டுல இருந்து படிக்கட்டும். அங்க சீட்டுக் கேக்க மாட்டாங்க."

"அங்க படுக்கவே எடமில்ல. தண்ணி தூக்கி, புள்ள தூக்கித்தான் இருக்கணும். ரெண்டு மாசத்துல திரும்பி வந்துரும்."

"வரட்டும்."

"வந்தா மலைதான்."

"நான் மலையிலதானே இருக்கேன்? செத்தாப் போயிட்டேன்?" என்றாள். "இவளுக்குத் திரும்ப ஊத்தினா, பெரியவளுக்கு ஊத்தவே இல்லன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. இவளுக்கு ஊத்தலாம். அவளுக்கு எங்க போய் ஊத்துறது?"

சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

ஒரு வாரம் யோசித்தேன். பொய் சொல்லியிருக்கலாம் என்றும் யோசித்தேன். பீலித் தண்ணியோ என்று அவர் கேட்டபோது ஆமாம் என்றால் முடிந்திருக்கும். ஆனால் சொல்லியாகிவிட்டது. செத்த பிள்ளைக்கு நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. இருக்கிற பிள்ளைக்குச் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. மடத்து வாசலில் பார்த்த வரிசை கண்ணிலேயே நின்றது. கணக்கு அவ்வளவுதான். மனைவியிடம் சொன்னேன்.

"நான் கூட்டிட்டுப் போறேன்."

"போங்க. நான் வரல."

ஒரு புதன்கிழமை ஸ்டோரைப் பார்க்கிற டீமேக்கர் ஐயாவிடம் லீவு வாங்கினேன். மனைவி வழக்கம்போல விடியற்காலை வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்விட்டாள். மகளின் வெள்ளைச் சட்டையைத் துவைத்து மடித்துப் பெட்டி மேல் வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். நானும் மகளும் நடந்தோம். வழியில் அவள் கேட்டாள்.

"அப்பா, இது வரைக்கும் நான் வேதக்காரி இல்லயா?"

"சந்தேகமாம்."

"அப்ப நான் வாங்கின நன்ம?"

"சாமிகிட்டக் கேளு."

அவள் கேட்கவில்லை. சாமியார் தலையைக் குனியச் சொன்னார். லத்தீனில் சொன்னார். சுத்தமான தண்ணீர், வெள்ளிச் சிப்பியில் எடுத்து ஊற்றினார். காது வழியாக வழிந்து சட்டை நனைந்தது. கோயில் கூட்டுகிறவர்தான் ஞானத்தகப்பன். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. சீட்டை எழுதி மை காயும்வரை ஊதிக் கொடுத்தார். பிறந்தது ஒரு வருஷம், ஞானஸ்நானம் பதினொரு வருஷத்துக்குப் பிறகு என்று அதில் இருந்தது.

தை மாதம் மடத்தில் சேர்த்தேன். மதர் சீட்டைப் பார்த்தார். தேதியைப் பார்த்து என்னைப் பார்த்தார். சீட்டை மடித்து வைத்துக்கொண்டார். மகள் வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர். மனைவி வேலைக்குப் போனாள், சமைத்தாள், படுக்குமுன் செபமாலை சொன்னாள். பெரியவள் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. எனக்குக் கை ரோலரில் நசுங்கி ஒரு வாரம் காய்ச்சலாகக் கிடந்தேன். முன்பென்றால் பெரியவளிடம் சொல்லியிருப்பாள். அப்போது ஒன்றும் சொல்லாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

சித்திரை லீவுக்கு மகள் வந்தாள். கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். நகம் வெட்டி, தலை படிய வாரி, சுத்தமாக இருந்தாள். பேச்சும் மாறியிருந்தது. வேதபாடத்தில் அவள்தான் வகுப்பில் முதல். பரிசாக ஒரு சுரூபப் படம் கொடுத்திருந்தார்கள். அதைத் தாயிடம் காட்டினாள். தாய் வாங்கிப் பார்த்தாள். அப்போது மத்தியானம். இஸ்தோப்பில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாகுறதப் பத்தியெல்லாம் சொல்லிக் குடுக்கிறாங்களா?"

"சொல்லிக் குடுப்பாங்க. மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம், எல்லாம்."

"ஞானஸ்நானம் வாங்காமச் செத்த புள்ள எங்க போகும்?"

மகள் என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று நான் சொல்லியிருக்கலாம். அவள் படித்ததைக் கேட்கவேண்டும் போல எனக்கும் இருந்ததோ என்னவோ.

"அதுக்குத் தனி எடம் இருக்கும்மா. அங்க நெருப்பு இல்ல. நோவு இல்ல. பசிக்காது. அழ மாட்டாங்க. ஆனா ஆண்டவரப் பாக்க முடியாது."

"எத்தன நாளைக்கு?"

"எப்பவும்தான்."

மனைவி முறத்தில் கல் பொறுக்கினாள். ஒரு கல், இன்னொரு கல்.

"நாங்க செத்தா அங்க போய் இருந்துக்கலாமா?"

"முடியாதும்மா. நீங்க ஞானஸ்நானம் வாங்கினவங்க. அங்க வாங்காத பச்சப் புள்ளைங்க மட்டும்தான். மோட்சத்துல இருந்தும் அங்க வழி இல்ல, நரகத்துல இருந்தும் வழி இல்ல."

தடங்கல் இல்லாமல் சொன்னாள். பாடத்தில் இருந்ததைத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு என்ன சொன்னோம் என்று தெரிந்தது. முகம் மாறிவிட்டது. தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தாய் அவளைத் தள்ளவும் இல்லை, அணைக்கவும் இல்லை.

"நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிறாங்க," என்றாள்.

லீவு முடிந்து மகள் போனாள். அவள் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. போக வேண்டாம் என்று தாயும் சொல்லவில்லை. படித்து முடித்து அவள் மாஸ்டரம்மா ஆனாள். இன்னொரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். நான் தேர்ந்தெடுத்தது நல்ல கல்லூரி. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அந்தச் சித்திரைக்குப் பிறகு என் மனைவி மகளிடம் பாடம் எதுவும் கேட்டதில்லை.